கல்லாவில் உட்கார்ந்து சாட்சி சொல்லலாமா? வாசகர் கேள்வி பதில்

கடை, ஆட்டோ, ஆஸ்பத்திரி, டியூஷன் என்று பிழைப்பின் நடுவே, முன்பின் தெரியாதவர்களிடம் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது, அதாவது சாட்சி சொல்வது? மதுரை வட்டாரத்திலிருந்து இதுபற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் சேர்த்து எடுத்துக்கொண்டோம். கேட்டவர்களின் பெயரைப் போடவில்லை. தொழிலும் ஊரும் போதும்.

கேள்வி: விளக்குத்தூண் பக்கம் லேடீஸ் டெய்லர் கடை வைத்திருக்கிறேன். தைத்துக் கொடுக்கும் ஒவ்வொரு ஜாக்கெட் கவருக்குள்ளும் ஒரு கைப்பிரதி (நற்செய்தித் துண்டுத்தாள்) வைத்து அனுப்புகிறேன். வழக்கமாக வரும் மூன்று வீட்டார் இப்போது வருவதில்லை. இதை ஆண்டவருக்காகப் படும் பாடு என்று எடுத்துக்கொண்டு தொடரலாமா?

பதில்: பாடு என்று முடிவுகட்டும் முன் ஆர்டர் நோட்டைப் புரட்டுங்கள், சகோதரி. அந்த மூன்று வீட்டுக்கும் சொன்ன தேதியில் துணி போனதா? தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் "நாளைக்கு வாங்க" என்று இரண்டு தடவை அலையவிட்ட கடையின் பிரதியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. பார்த்தாலும், அலையவிட்டவர் சொல்லும் உபதேசமாகத்தான் அது தெரியும்.

தையல்காரரின் சாட்சி லைனிங்கில் தொடங்குகிறது. காட்டன் லைனிங்கை முதல் நாள் ராத்திரியே தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, அயர்ன் பண்ணிய பிறகே வெட்ட வேண்டும். அவசரத்தில் அப்படியே வெட்டினால் முதல் துவைப்பில் லைனிங் சுருங்கும், மேல்துணி சுருங்காது. முதுகில் அங்கங்கே இழுத்துப் பிடிக்கும். கடையைவிட்டுப் போகும்போது இந்தக் குறை யார் கண்ணுக்கும் படாது, உங்களுக்கு மட்டும்தான் தெரியும். பக்கத் தையலுக்குள் ஒரு இஞ்ச் துணி விட்டுத் தைப்பதும் அப்படித்தான். ஆறு மாதம் கழித்து உடம்பு போட்டவர் பிரித்துவிட்டுக்கொள்ளும்போது உங்களை நினைப்பார். கொலோசெயர் 3:23 மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யச் சொல்வது இந்த மாதிரி உள்தையலைத்தான். மிச்சத் துணியை, கால் மீட்டரானாலும், மடித்துக் கவரில் வைத்துக் கொடுங்கள். பிரதி வைத்த இடத்தில் அது இருக்கட்டும்.

பிரதியைக் கவருக்குள் வைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கவரை வீட்டில் திறப்பவர் மாமியாராக இருக்கலாம். "எந்தக் கடையில குடுத்த?" என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அந்தப் பெண், நீங்கள் இல்லை. கேட்காமல் கொடுத்த தாளால் அவர் வீட்டில் ஒரு சண்டை வந்தால் அது நற்செய்தி ஆகாது. மேஜை ஓரத்தில் ஒரு சின்ன ஸ்டாண்டில் பத்துப் பதினைந்து மாற்கு சுவிசேஷப் புத்தகங்களை வையுங்கள், "வேண்டுபவர் எடுத்துக்கொள்ளலாம்" என்று எழுதி. மத்தேயுவைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே வம்ச அட்டவணை வந்து நிற்கும். மாற்கு 16 அதிகாரம்தான், ஒரே மூச்சில் படித்துவிடலாம். வீட்டில் ஓதும் பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் புதிதாக வாசிப்பவருக்குக் கரடுமுரடாக இருக்கும். 1995-ல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பு இந்த வேலைக்குச் சுலபம்.

சுவரில் வசனம் மாட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒன்று போதும். பக்கத்துக் கடையில் மீனாட்சி படம் இருக்கிறது, அதற்கடுத்த கடையில் மெக்கா படம் இருக்கிறது, உங்கள் கடையில் ஒரு வசனம். மதுரைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. ஆறு வசனம் மாட்டினால் வந்தவருக்குக் கடையா, கோயிலா என்று சந்தேகம் வரும்.

கேள்வி: ஆரப்பாளையத்தில் ஆட்டோ ஓட்டுகிறேன். மாட்டுத்தாவணியிலிருந்து பெரியாஸ்பத்திரி போகும் சவாரிகள் அதிகம். துக்கத்தோடு ஏறுகிறவர்களிடம் இயேசுவைப் பற்றிச் சொல்ல இதைவிட நல்ல நேரம் உண்டா?

பதில்: இதைவிட மோசமான நேரம் இல்லை என்றே சொல்வோம். ஓடுகிற ஆட்டோவிலிருந்து சவாரி இறங்கிப் போக முடியாது. பிடிக்காவிட்டாலும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். கேட்பவர் எழுந்து போக வழியில்லாத இடத்தில் பேசுவதை, இந்தப் பகுதியில் பதில் எழுதுகிற எங்களில் ஒருவர்கூட ஆதரிப்பதில்லை.

செய்ய வேண்டியதைச் சொல்கிறோம். ஏறும் முன்பே கட்டணத்தைச் சொல்லிவிடுங்கள். ராஜாஜி மருத்துவமனை வாசலில் இறங்கும்போது ஐம்பது ரூபாய் கூடக் கேட்டால், கண்ணாடியில் ஒட்டிய 'இயேசு ஜீவிக்கிறார்' ஸ்டிக்கர் உங்களுக்கு எதிராகச் சாட்சி சொல்லும். பிரசங்க ஆடியோவை அணையுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் "சத்தத்தைக் குறைக்கவா?" என்று கேளுங்கள். எந்த வார்டு, எந்த வாசல் என்று விசாரித்து, அதற்குக் கிட்டத்தில் நிறுத்துங்கள். வெளியூர்க்காரருக்கு அந்த வளாகத்தில் வழி கண்டுபிடிப்பதே பாதி அலைச்சல். பையைத் தூக்கிக் கொடுங்கள்.

அவராகவே ஸ்டிக்கரைப் பார்த்து "நீங்க வேதக்காரரா?" என்று கேட்டால், ஆமாம் என்று சொல்லி மூன்று வாக்கியத்தில் முடியுங்கள். மேலே கேட்டால் மேலே சொல்லலாம். ஜெபிக்கச் சொன்னால் வண்டியை ஓரம் கட்டி, நிறுத்தியபின் ஜெபியுங்கள். ராத்திரியில் தனியாக வரும் பெண்ணிடம் வழியைத் தவிர வேறு எதுவும் பேச வேண்டாம், சாட்சி உட்பட.

கேள்வி: அந்த "மூன்று வாக்கியம்" எங்களுக்கு வரமாட்டேன் என்கிறது. சபையில் சாட்சி சொல்லச் சொன்னால் அரைமணி நேரம் பேசுகிறோம். (திருமங்கலம் வாலிபர் ஐக்கியம்)

பதில்: சபையில் பேசும் தமிழ் வேறு, தெருவில் புரியும் தமிழ் வேறு. பிரச்சினை நீளத்தில் மட்டுமில்லை. "சாட்சி" என்றால் வெளியே கோர்ட்டு ஞாபகம் வரும். "ஆவியானவர் என்னோடு பேசினார்" என்றால் பேய் பிடித்ததோ என்று பார்ப்பார்கள். "நாம எல்லாரும் பாவிங்க" என்பது நம் காதுக்கு உபதேசம், கேட்பவருக்குத் திட்டு. "புறஜாதியார்" என்ற சொல் நமக்கு இஸ்ரவேலர் அல்லாத எல்லா மக்களும். சாதிப் பேச்சு சூடாக இருக்கும் ஊரில் அது எப்படி விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. "தேவன்" என்பதையும் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். கடவுள், ஆண்டவர் என்றால் எல்லோருக்கும் விளங்கும்.

மதுரைக்கு இது புதுப் பாடமில்லை. 1606-ல் இங்கே வந்த இயேசு சபைக் குரு ராபர்ட் தெ நோபிலிக்கு முன்னால், ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களிடம் "பரங்கிக் குலத்தில் சேர விருப்பமா" என்ற பொருளில்தான் கேட்டுவந்தார்கள். பரங்கி என்றால் ஊராருக்கு மாட்டிறைச்சியும் மதுவும் அந்நியனும். நோபிலி முதலில் தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், அந்தக் கேள்வியையும் தூக்கியெறிந்தார். அவர் செய்த எல்லாவற்றையும் நாங்கள் ஒப்புக்கொள்கிறோம் என்றில்லை, சாதி வரிசையை அவர் ஏற்றுக்கொண்ட விதத்தில் எங்களுக்குக் கடுமையான மாற்றுக் கருத்து உண்டு. ஒரு சொல் கதவை எப்படி அடைக்கும் என்பதை அவர் கண்டுகொண்டார் என்பதற்காக மட்டும் இங்கே குறிப்பிட்டோம்.

இப்படிப் பழகுங்கள். ஒரு தாளில் எண்பது, தொண்ணூறு சொல்லுக்குள் எழுதுங்கள்: முன்னால் எனக்கிருந்த ஒரு குறிப்பிட்ட கவலை, இயேசுவைப் பற்றி நான் வாசித்த அல்லது கேட்ட ஒரு விஷயம், இப்போது அன்றாடத்தில் என்ன மாறியிருக்கிறது. "கடன்காரன் வாசலுக்கு வந்தா ஒளிஞ்சுக்குவேன், இப்ப எதிர்ல போய் நின்னு தவணை சொல்றேன்" என்கிற மாதிரி கண்ணால் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். பிறகு அதில் சபைக்குள் மட்டும் புழங்கும் சொல் எல்லாவற்றையும் அடியுங்கள். கிறிஸ்தவர் அல்லாத ஒரு நண்பரிடம் வாசித்துக் காட்டி, எங்கே புரியவில்லை என்று கேளுங்கள். இதைச் செய்யாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், கூச்சமாக இருக்கும். குடியையும் கெட்ட சகவாசத்தையும் பெரிதாக்கிச் சொல்லும் ஆசையை விடுங்கள். உங்கள் தெருக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்றிருப்பார்.

கேள்வி: இதெல்லாம் போதகரும் மிஷனரியும் செய்ய வேண்டிய வேலை இல்லையா?

பதில்: அப்போஸ்தலர் 18:3-ஐப் பாருங்கள். கொரிந்துவில் மிஷனரியான பவுலே கூடாரம் செய்யும் தொழிலாளியாக ஆக்கில்லா வீட்டில் தங்கி வேலை செய்தார். ஒன்றரை வருஷம் அந்த ஊரில்தான் இருந்தார்.

கேள்வி: அண்ணாநகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிகள் "சிஸ்டர், எனக்காக ஜெபிங்க" என்று கேட்கிறார்கள். செய்யலாமா?

பதில்: அவராகக் கேட்டால் செய்யலாம். நிர்வாகத்தின் விதி என்ன என்று முன்கூட்டியே நர்சிங் சூப்பரின்டெண்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மருந்து கொடுக்கும் சுற்று, ட்யூட்டி ஒப்படைக்கும் நேரம் இரண்டிலும் வேண்டாம். அப்போது கவனம் சிதறினால் டோஸ் தவறும். கட்டிலருகே நின்று, பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காத குரலில், ஒரு நிமிஷத்துக்குள் முடியுங்கள். தலையில் கை வைப்பது, எண்ணெய் பூசுவது வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்காக மனசுக்குள் ஜெபியுங்கள், அவரால் சம்மதம் சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கிறவர்கள் சீருடையில் இதைத் தவிர்ப்பதே நல்லது.

ஒன்றில் கண்டிப்பாக இருங்கள். "குணமாயிடும்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உங்களுக்கு ஆறுதலும் டாக்டருக்கு ஞானமும் கொடுக்கணும்" என்று கேட்பது ஜெபம், சுகத்துக்குத் தேதி குறிப்பது ஜெபமில்லை. ஜெபித்தபின் "இந்த மாத்திரையை விட்டுடாதீங்க" என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து. இருமல் நின்றுவிட்டது, ஜெபம் கேட்கப்பட்டது என்று இரண்டாம் மாதம் நிறுத்தினால், உள்ளே மிஞ்சிய கிருமி மருந்துக்குக் கட்டுப்படாத வகையாக மாறலாம். பிறகு அதே மாத்திரை வேலை செய்யாது, வீட்டில் மற்றவருக்கும் அந்த வகையே தொற்றும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பே வரலாம். சர்க்கரை மருந்தையும் தானாக நிறுத்தக்கூடாது.

கேள்வி: சித்திரைத் திருவிழாவுக்கு லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது. தல்லாகுளத்தில் எங்கள் கடை வாசலில் பிரதி கொடுக்கலாமா? (ஹார்டுவேர் கடை)

பதில்: வேண்டாம். அழகரை எதிர்சேவை செய்யக் கால்நடையாக வந்திருப்பவர் கையில், அந்த நேரத்தில் வேறு மார்க்கத்தின் தாளைத் திணிப்பது அவமதிப்பு. நம் கிறிஸ்துமஸ் ஆராதனை வாசலில் யாராவது அப்படி நின்றால் நமக்கு எப்படி இருக்கும்?

தண்ணீர் கொடுங்கள். சித்திரை வெயிலில் அதற்குத்தான் தேவை. கடைப் பெயரைத் தவிர பேனர் வேண்டாம். நீர்மோர் என்றால் 1 லிட்டர் தயிருக்கு 4 லிட்டர் சுத்திகரித்த தண்ணீர், இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு. கெடுவது ஐஸில்தான். மீனுக்குப் போடுகிற பாளம் ஐஸை உடைத்து மோரில் போட்டுவிடுகிறார்கள், சாயங்காலம் வயிற்றுப்போக்கு. ஐஸே வேண்டாம், மண்பானையில் ஊற்றி ஈரத்துணி சுற்றினால் போதுமான குளிர்ச்சி வரும். கரைத்த மோரை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் வைக்காமல், சிறிது சிறிதாகக் கரையுங்கள். டம்ளர் கழுவ ஒரு ஆள், குப்பை அள்ள ஒரு ஆள்.

திருவிழா நன்கொடை ரசீதோடு வருகிறவர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சிலைகளுக்குப் படைத்ததைப் பற்றிப் பேசும் 1 கொரிந்தியர் 8, 10 அதிகாரங்களை வைத்து இரண்டு பக்கமும் வாதாடுகிறார்கள், எங்களுக்குள்ளேயே ஒத்த கருத்தில்லை. எதை முடிவு செய்தாலும் முன்கூட்டியே முடிவு செய்து, எல்லா வருஷமும் ஒரே பதிலைச் சிரித்த முகத்தோடு சொல்லுங்கள். பூஜைக்குக் கொடுக்க மனம் ஒப்பாதவர்கள், தெரு விளக்குக்கும் குடிநீருக்கும் என்று சொல்லிக் கொடுப்பது வழக்கத்தில் உண்டு.

கேள்வி: கடையில் பேசினால் மதமாற்றம் என்று கேஸ் போடுவார்களா? நாலு பேர் வந்து சத்தம் போட்டால் என்ன செய்வது?

பதில்: அரசியலமைப்பின் 25-ஆவது பிரிவு, பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரத்துக்கு உட்பட்டு, மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்புவது என்றால் தன் மதத்தின் கொள்கையை எடுத்துச் சொல்வதுதான், இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் இல்லை என்று 1977-ல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. தமிழ்நாட்டில் 2002-ல் வந்த கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அதனால் எதையும் பேசலாம் என்று ஆகிவிடாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 299-ஆவது பிரிவு, மத உணர்வைப் புண்படுத்தும் திட்டமிட்ட தீயநோக்கச் செயலுக்கு 3 ஆண்டு வரை சிறை வைத்திருக்கிறது. அடுத்தவர் சாமியைக் கல் என்றோ பேய் என்றோ சொன்னால் அதற்குள் போய் விழுவீர்கள். சட்டம் இருக்கட்டும், அது சொல்லத் தகாத பேச்சு.

சத்தம் போட ஆள் வந்தால் வேதவசனத்தில் பதில் சொல்லாதீர்கள். வாடிக்கையாளரை முதலில் வெளியே அனுப்புங்கள். கைகலப்பு வரும்போல் இருந்தால் 100 அல்லது 112. கேமரா இருந்தால் அன்றைய பதிவைத் தனியாக எடுத்து வையுங்கள், பல கேமராக்களில் சில நாளில் பழையது அழிந்துவிடும். போலீஸில் புகாரை எழுத்தில் கொடுத்து சிஎஸ்ஆர் ரசீது (புகாரைப் பெற்றதற்கான சீட்டு) வாங்குங்கள். நடந்ததை அன்றைக்கே தேதி, நேரத்தோடு எழுதிவையுங்கள், ஒரு வாரம் கழித்து நினைவு கதை கட்டும். வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பும் வேலையை உங்கள் வாலிபர்கள் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மேலூர் பக்கம் சின்ன செங்கல் சூளை. வேலை செய்யும் ஒரு குடும்பம் எங்களைப் பார்த்து ஞானஸ்நானம் எடுக்க விரும்புகிறது. எப்படி நடத்துவது?

பதில்: நீங்கள் நடத்த வேண்டாம். அட்வான்ஸ் கொடுத்தவர் நீங்கள், கூலி போடுகிறவரும் நீங்கள். அவர்கள் வாயிலிருந்து வரும் "விருப்பம்" எவ்வளவு விருப்பம், எவ்வளவு பயம் என்று அவர்களுக்கே பிரித்துத் தெரியாமல் இருக்கலாம். உங்களோடு பணத் தொடர்பில்லாத ஒரு போதகரிடம் அனுப்புங்கள். ஞானஸ்நானம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் கூலியும் அட்வான்ஸும் மாறாது என்று அவர்கள் முன்னிலையில், மற்ற வேலையாட்களும் கேட்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு மட்டும் அரிசி மூட்டை, ஸ்கூல் ஃபீஸ் என்று தனியாக எதுவும் வேண்டாம். கொடுப்பதென்றால் எல்லோருக்கும்.

அவர்கள் பட்டியல் சாதியினர் என்றால் இதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணைப்படி இந்து, 1956 முதல் சீக்கியர், 1990 முதல் பௌத்தர் ஆகியோர் மட்டுமே அந்தத் தகுதிக்குள் வருகிறார்கள். கிறிஸ்தவரானால் எஸ்.சி. சான்றிதழுக்கு உரிமை போகும். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர்கள் பி.சி. பட்டியலில் இருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்பு, வேலை எல்லாம் இதில் மாட்டியிருக்கிறது. இந்த ஆணை நியாயமில்லை என்பது சபைகளின் நெடுநாள் வாதம், எங்கள் கருத்தும் அதுவே. ஆனால் நியாயமில்லை என்பதற்காக அவர்களிடம் சொல்லாமல் விடுவது அதைவிட அநியாயம். "ஞானஸ்நானம் எடுத்துட்டு சான்றிதழை மாத்தாம வச்சுக்கங்க" என்று காதோடு சொல்கிறவர்கள், பொய்யோடுதான் விசுவாச வாழ்க்கையைத் தொடங்கி வைக்கிறார்கள்.

கேள்வி: கஸ்டமர் நம்பர்கள் எண்ணூறு இருக்கின்றன. தினமும் காலையில் ஒரு வசனம் அனுப்பலாமா?

பதில்: நம்பரை எதற்குக் கொடுத்தார்கள்? சாமான் வந்ததும் சொல்வதற்கு. அதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். குரூப்பில் சேர்த்தால் ஒருவர் நம்பர் எண்ணூறு பேருக்கும் தெரியும், பெண்களுக்கு இதனால் வரும் தொல்லை கொஞ்சமில்லை. கேட்டவருக்கு மட்டும், தனித்தனியாக.

கேள்வி: வாடிப்பட்டியில் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பிள்ளைகளை ஜெபத்தோடு ஆரம்பிக்க வைக்கலாமா?

பதில்: பெற்றோர் கணக்குப் பாடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார்கள். அரசு அங்கீகாரமோ நிதியோ பெற்ற பள்ளியிலேயே, பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக்கூடாது என்று அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் திண்ணைக்கு அந்தப் பிரிவு நேராகப் பொருந்தாவிட்டாலும் அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். பிள்ளைகள் வரும் முன் நீங்கள் ஜெபித்து முடியுங்கள். கிறிஸ்துமஸுக்கு கேக் கொடுங்கள், பொங்கலுக்கு அவர்கள் கொண்டுவரும் கரும்பை வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஒத்தக்கடையில் காய்கறிக் கடை. பேச வராது எனக்கு. என்ன செய்யலாம்?

பதில்: எலக்ட்ரானிக் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும், உங்களுடையது எப்போது வைத்தது? நீதிமொழிகள் 11:1 கள்ளத்தராசைப் பற்றித்தான். முத்திரைச் சான்றிதழைக் கண்ணில் படும் இடத்தில் மாட்டுங்கள். தட்டை வைத்தபின் எண் பூஜ்யத்துக்கு வந்ததை வாங்குகிறவர் பார்க்கும்படி தராசைத் திருப்பி வையுங்கள். அழுகின தக்காளியை அடியில் போடாதீர்கள். இதற்குப் பேச்சு வேண்டாம்.

கேள்வி: சிம்மக்கல்லில் ஆறு வருஷமாக டீக்கடை. நீங்கள் சொல்கிற மாதிரி கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்கிறேன். யாரும் எதுவும் கேட்கவில்லையே?

பதில்: 1 பேதுரு 3:15 விசாரித்துக் கேட்கிறவர்களுக்கு சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்கிறது. விசாரிக்க அவர்களுக்கு ஏதாவது இருக்க வேண்டுமே. ஞாயிறு காலையில் கடையைச் சும்மா பூட்டிவிட்டுத்தானே போகிறீர்கள்? ஒரு சின்ன போர்டு மாட்டுங்கள்: "ஆராதனைக்குப் போயிருக்கிறோம். 11 மணிக்குத் திறக்கும்." ஞாயிறு வியாபாரத்தை விட்டுப் போகிற ஆளைப் பற்றி சிம்மக்கல்லில் நிச்சயம் விசாரிப்பார்கள். சர்க்கரை இல்லாத டீ யாருக்கு என்று கேட்காமலே போட்டுக் கொடுங்கள். தினம் வருகிறவர் மூன்று நாள் வராமல் இருந்து வந்தால், "உடம்புக்கு முடியலையாண்ணே?" என்று கேளுங்கள். நீங்கள் விசாரிக்க ஆரம்பித்தால் அவர்களும் விசாரிப்பார்கள்.

போர்டில் நேரத்தை மட்டும் சரியாகப் போடுங்கள். பதினொன்று என்று எழுதிவிட்டு, போதகர் பிரசங்கம் நீண்டுவிட்டது என்று பன்னிரண்டரைக்குத் திறந்தால், வந்து பார்த்தவர் எதிர்க்கடைக்குப் போய்விடுவார். சந்தேகமாக இருந்தால் 12 என்றே எழுதுங்கள்.